ஆரஞ்சுக் கோடு

மார்ச் 4

சின்னவளுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. விசாரணை முடியும்வரை விமானப் பட்டறை ஆட்கள் யாரோடும் போனில் பேசக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அவள் என் தங்கை என்றேன். "தங்கச்சியா இருக்கட்டும்மா, சம்பளம் அங்கதானே வாங்குறாங்க?" என்றார். கடிதம் எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் ஒருத்தி உட்கார்ந்து கடிதம் எழுதுவாள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. எனக்கு வேறு என்ன வேலை? வலது கை மாவுக்கட்டில். முதுகை அசைக்க விடுவதில்லை. மிச்சம் இருப்பது இந்தக் கையும் வாயும்தான். வாயைப் பற்றி நர்ஸ்கள் ஏற்கெனவே புகார் கொடுத்துவிட்டார்கள்.

விபத்தைப் பற்றிய முதல் அறிக்கை வந்துவிட்டது. நீ படித்திருப்பாய். விமானி, பெட்ரோல் குறைவாக இருந்த தொட்டியை வைத்து ஓட்டினாளாம். அதனால் இயந்திரம் நின்றதாம். அதற்கு ஆதாரம், விழுந்த பிறகு தொட்டியை மாற்றும் திருகு வலது பக்கம் இருந்தது. வலது தொட்டியில் பெட்ரோல் கொஞ்சம்தான்.

நான் இடது தொட்டியில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். நிறைய இருந்தது. இயந்திரம் இருமியது, நின்றது. நின்றால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று பறக்கக் கற்கும் முதல் வாரமே சொல்லித்தருகிறார்கள்: அடுத்த தொட்டிக்கு மாற்று. மாற்றினேன். அந்தத் திருகைத்தான் இப்போது என் கழுத்துக்குக் கயிறாக மாட்டுகிறார்கள். செய்ய வேண்டியதைச் செய்ததற்கு.

பெட்ரோல் வாசனை வந்தது. இயந்திரம் நிற்பதற்கு முன்பே வந்தது. குவாரிக்காரர் பக்கத்து இருக்கையில் இருந்தார். "என்னம்மா, பங்க்ல நிக்கிற மாதிரி வாசம் வருது?" என்று அவர்தான் முதலில் கேட்டார். இப்போது அவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லையாம். தோளெலும்பு உடைந்தால் ஞாபகம் போகும் என்று எந்த டாக்டர் சொன்னாரோ. விமானம் அவருடையது, பட்டறையில் பாதியும் அவருடையது. ஞாபகம் எப்படி இருக்கும்?

பெட்ரோல் குழாயை இயந்திரத்தோடு சேர்க்கும் நட்டு கழன்றிருந்ததை அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதன்மேல் ஆரஞ்சுக் கோடு இருக்கிறதாம். கோடு இருந்தால் இறுக்கியாயிற்று என்று அர்த்தமாம். ஆகவே விழுந்த அதிர்ச்சியில்தான் அது கழன்றிருக்க வேண்டுமாம்.

இதெல்லாம் போகட்டும். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் உன் வாக்குமூலம் இருக்கிறது. "அன்று எல்லாக் கருவிகளும் அதனதன் இடத்தில் இருந்தன." கருவி அறைப் பொறுப்பாளர். ஒரே வரி. பட்டறை எவ்வளவு ஒழுங்கானது என்று காட்ட அந்த ஒரு வரியை எடுத்து முத்து மாதிரி பதித்திருக்கிறார்கள்.

உன் அக்கா சோளக்கொல்லையில் மூக்கு குத்திக் கிடந்தாள். உனக்குச் சொல்ல இருந்தது இவ்வளவுதானா?

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். எழுத்துப் புரியாமல் இல்லை.

என்னிடம் கேட்டார்கள், பதில் சொன்னேன். கருவி ஏதாவது காணாமல் போனதா, இயந்திரத்துக்குள் விட்டுவிட்டார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அது உண்மை. அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் வழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது என்று உனக்குத் தெரியும். வீட்டில் பேசுவதற்கு நீ இருந்தாய்.

கோபமாக இருக்கிறாய். இருக்கலாம். ஆனால் அன்று உன்னைச் சேர்த்திருந்த வெளியூர் ஆஸ்பத்திரியில் நீ செய்ததை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை. இரவெல்லாம் பஸ்ஸில் வந்து நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி, "வந்துட்டாரு பாரு, என்னைக் கொல்லப் பார்த்தவரு, உயிர் இருக்கான்னு செக் பண்ண" என்றாய். தண்ணீர் ஜக்கை எறிந்தாய். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் தன் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். அவர் சட்டை நனைந்தபடி ஜக்கை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். திரும்பும் வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

உன்னிடம் ஆதாரம் என்ன இருக்கிறது? வாசனை. வாசனையை வைத்து ஒரு மனிதனைக் கொலைகாரன் என்று சொல்லலாமா?

அம்மா நலம். பயணம் ஒத்துக்கொள்ளாது என்பதால் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.


மார்ச் 19

சின்னவளே,

உன் கடிதத்தை நான் ஒரே முறைதான் படித்தேன். ஒரு வரியில் நின்றுவிட்டேன்.

அம்மாவுக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாதா? எந்த அம்மாவுக்கு? நான் பறக்கக் கற்றுக்கொண்டிருந்தபோது தூக்குப்பாத்திரத்தோடு மூன்று பஸ் மாறி வந்து, "நீ மேல போறதை நான் பார்க்க மாட்டேன், கீழ வந்ததும் சொல்லு" என்று ஓடுதளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாளே, அந்த அம்மாவுக்கா? பெற்ற பெண் விமானத்தோடு விழுந்து ஒரு மாதம் ஆகிறது. அவள் வரவில்லை. போன் செய்தால் நீ எடுத்து, தூங்குகிறாள் என்று சொல்லச் சொல்லி மாடி வீட்டு டீச்சரிடம் கொடுக்கிறாய். அம்மாவோடு பேச வக்கீல் தடை போடவில்லை. நீதான் போட்டிருக்கிறாய்.

என்ன மறைக்கிறாய்?

ஆதாரம் கேட்டாயே. சொல்கிறேன். இங்கே பிசியோ செய்ய வரும் பெண் என் காலைத் தூக்கி எண்ணிக்கொண்டிருக்கும்போது, நான் கண்ணை மூடி அந்தக் காலைப்பொழுதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றி வந்தேன். இயந்திர மூடியின் சின்னக் கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். கோடு இருந்தது. நட்டின் மேலும் குழாயின் மேலும் ஒரே நேராக. நானும் கோட்டைத்தான் பார்த்தேன். கையை விட்டுத் திருகிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? அதற்காகத்தானே அந்தக் கோடு? அளந்து இறுக்கியாயிற்று, இனி நீ பார்த்தால் போதும் என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வதுதானே அது?

ஒழுங்காக இறுக்கிய நட்டு, புறப்பட்ட சற்று நேரத்தில் பெட்ரோலைக் கசியவிடாது. அப்படியானால் கோடு இருந்தது, இறுக்கம் இல்லை. இறுக்காமல் கோடு போடுவது எப்படி? உன் வீட்டுக்காரனைக் கேள். அந்த இயந்திரத்தில் கை வைத்தவன் அவன் ஒருவன்தான்.

இறுக்கத்தை அளக்கும் அந்த நீள ஸ்பானர் உன் அறையில்தானே தொங்குகிறது? அவன் அன்று அதை வாங்கினானா? உன்னிடம் யாரும் கேட்கவில்லை என்றாயே. இதோ, நான் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன். கட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் மாடி வீட்டு டீச்சர் எனக்குப் போன் செய்தாள். குளியலறைக்குள் ஏதோ விழுந்த சத்தம், கூப்பிட்டால் அம்மா முனகுகிறாள் என்றாள். நான் கருவி அறையைப் பூட்டினேன். சாவியைக் கைப்பையில் போட்டேன். ஓடினேன்.

அம்மா கதவுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தாள். அந்தக் கதவு உள்பக்கமாகத் திறக்கும். தள்ளினால் அவள் இடுப்பில் இடித்தது. நானும் டீச்சரும் தள்ளுவதும், அவள் அலறுவதும், நிறுத்துவதுமாக எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. கடைசியில் அவருக்குப் போன் செய்தேன். வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். வெளிப்பக்கம் இருந்த காற்றோட்ட ஜன்னலைப் பெயர்த்து, கையை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமல் தடவித் தடவிக் கதவின் கீல் திருகுகளைக் கழற்றினார். கதவை அலுங்காமல் தூக்கி வெளியே எடுத்தார். பிறகு அம்மாவைத் தூக்கினார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இன்னும் எழுந்து நிற்கவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவாள், நீ கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் கொடுக்கவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "பெரியவகிட்ட சொல்லாதீங்கடி. காலைல அவ பறக்கணும். மனசு கலங்கிட்டா ஆகாது." வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு இதைச் சொன்னாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் தரையில் இருப்பவள்தானே, கலங்கினால் பரவாயில்லை.

இப்போது உன் கேள்வி. அவர் அந்த ஸ்பானரை வாங்கினாரா? வாங்கவில்லை. வாங்க முடியாது. அது அறைக்குள் தொங்கியது, அறை பூட்டியிருந்தது, சாவி என் பையில் இருந்தது. அந்தப் பை ஆஸ்பத்திரி நாற்காலியில் என் மடிமேல் இருந்தது. எல்லாக் கருவிகளும் அதனதன் இடத்தில் இருந்தன. நான் பொய் சொல்லவில்லை.

இறுக்க வேண்டிய நட்டு அங்கே இருந்தது. கழற்ற வேண்டிய கதவு இங்கே இருந்தது. அவர் இங்கே வந்தார். யாருடைய அம்மாவுக்காக? அப்பா போனதிலிருந்து அம்மாவின் மருந்து, கண் ஆபரேஷன், பல், அவளுடைய பிடிவாதம் எல்லாம் யார் பார்த்தது? நீ விமானத்திலிருந்து இறங்கி, கறுப்புக் கண்ணாடியோடு ஒரு மதியம் வந்து, "என்னம்மா இளைச்சிட்டே" என்று சொல்லிவிட்டுப் போவாய். அவள் அதைச் சொல்லியே ஒரு மாதம் ஓட்டுவாள்.

அந்த ஜக்கை நீ யார்மேல் எறிந்தாய் என்று இப்போது யோசி.


ஏப்ரல் 2

சின்னவளே,

யோசித்தேன்.

நர்ஸிடம் போனை வாங்கி அம்மாவிடம் பேசினேன். எடுத்ததும் அவள், "கீழ வந்துட்டியா?" என்றாள். வந்துட்டேன்மா என்றேன். அவ்வளவுதான்.

ஆனால் சாவியைப் பற்றி உன்னைச் சும்மா விட முடியாது. நீ அன்று ஓடியதற்கு இல்லை. ஓடியிருக்காவிட்டால் உன்னை நான் மனுஷியாகவே மதித்திருக்க மாட்டேன். அவன் வந்ததற்கும் இல்லை. கதவைக் கழற்றியவனுக்கு நான் கும்பிடு போடுகிறேன். ஆனால் இறுக்குவதற்கு முன்னால் கோட்டைப் போட்டது யார்? அம்மா விழுவாள் என்று ஜோசியம் பார்த்தா போட்டான்? கோடு இல்லாமல் இருந்திருந்தால், டார்ச் அடித்த அந்த நொடியில் நான் பார்த்திருப்பேன். "டேய், இதை யாரும் முடிக்கலடா" என்று கத்தியிருப்பேன். குவாரிக்காரர் காரில் போயிருப்பார். எனக்கு முதுகு இருந்திருக்கும்.

நீ பொய் சொல்லவில்லை, சரி. ஒரு பெரிய வீட்டைப் பூட்டிவிட்டு வாசலில் நின்று, உள்ளே திருட்டு எதுவும் நடக்கவில்லை என்று சொன்னாய்.

ஏப்ரல் 24 இறுதி விசாரணை. என் உரிமத்தை ரத்து செய்யலாமா என்று அன்று முடிவாகும். நீ வந்து இரண்டு விஷயம் சொன்னால் போதும். ஸ்பானர் பூட்டிய அறைக்குள் இருந்தது. ஆனாலும் கோடு இருந்தது. வருகிறாயா?

அக்கா


ஏப்ரல் 7

அக்கா,

என்னால் முடியாது.

கோடு எப்படி வந்தது என்று கேட்டாய். இது உனக்குத் தெரியாதது எனக்கு ஆச்சரியம்தான். பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். பட்டறையை நடத்தும் பெரியவர் மாலை டீ குடித்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். அவர் டார்ச்சோடு வந்து குனிந்து கோடுகளை எண்ணிப் பார்ப்பார், போடுவார், போவார். வேலை அதற்குள் முடியாது. அதனால் நட்டுகளை விரலால் திருகிவிட்டு முதலில் கோடு போட்டுவிடுவார்கள். அவர் போன பிறகு ஸ்பானரை வாங்கி இறுக்குவார்கள். உடைந்த கோட்டைத் துடைத்துவிட்டு மறுபடி போடுவார்கள். "கோடு பெரியவருக்கு, இறுக்கம் நமக்கு" என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. முதல் தடவை கேட்டபோது நானும் சிரித்தேன். பெரியவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். கோடு சில சமயம் ஈரமாக அவர் விரலில் ஒட்டும். கைக்குட்டையில் துடைத்துக்கொள்வார்.

இத்தனை வருடமாக ஒரு நட்டு விட்டுப்போனதில்லை. அன்று ஒன்று.

பெரியவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். "அக்காவுக்கு உரிமம் போனா வேற வேலை கிடைக்கும்மா. உன் வீட்டுக்காரருக்கு கேஸ் ஆச்சுன்னா உள்ள போயிடுவாரு. சாவி வேற உன்கிட்ட இருந்திருக்கு. யோசிச்சு நடந்துக்கோ. நான் உன் அப்பா மாதிரி" என்றார். என் அப்பா யாரையும் இப்படி மிரட்டியதில்லை என்று சொல்ல நினைத்தேன். தண்ணீரைக் குடித்தேன்.

வீட்டில் இவரிடம் கேட்டேன். "அந்த நட்டை நீங்க இறுக்கவே இல்லதானே?" "கோடு போட்டேன்" என்றார். "நான் அதைக் கேக்கல." எழுந்து போய் அம்மாவுக்குத் தலையணையைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டார். இதைத்தான் ஒன்றரை மாதமாகச் செய்கிறார். அம்மாவின் தலையணை சரியாகவே இருக்கிறது.

சரியானது எது என்று எனக்குத் தெரியும், அக்கா. நான் படித்த புத்தகங்களில் இந்த இடம் வந்தால் எனக்குப் பொறுமை போய்விடும். சொல்லித் தொலையேன் என்று அந்தப் பெண்ணைத் திட்டுவேன். புத்தகத்தில் அவளுடைய புருஷன் பக்கத்து அறையில் அவளுடைய அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்க மாட்டான்.

என்னை விட்டுவிடு.


ஏப்ரல் 10

விட்டுவிட்டேன்.

இனி எழுதாதே. நானும் எழுத மாட்டேன். வலது கைக் கட்டைப் பிரித்துவிட்டார்கள், இது அந்தக் கையால் எழுதும் முதல் கடிதம். உனக்குத்தான் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். வீணாகிவிட்டது.

விசாரணையில் நான் என் வாயால் சொல்லிக்கொள்கிறேன். சோம்பேறி, கவனம் இல்லாதவள், பெண் ஓட்டினால் இப்படித்தான் என்று அவர்கள் எழுதட்டும். அப்படி எழுதத்தான் பேனாவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்து இனி எந்தப் பெண்ணையும் அந்த இருக்கையில் உட்கார வைக்க மாட்டார்கள். அதுவும் பரவாயில்லை. உன் வீட்டுக் கூடத்தில் தலையணை சரியாக இருக்கிறது, அது போதும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். அவர்கள் அந்தக் கோட்டை இன்னும் அப்படித்தான் போடுகிறார்கள். எனக்குத் தெரியும். போய்ப் பார்.


ஏப்ரல் 18

அக்கா,

எழுதாதே என்றாய். படிக்காமல் கிழித்துப்போட்டுவிடலாம். ஆனால் நீ படிப்பாய், எனக்குத் தெரியும்.

போய்ப் பார்த்தேன்.

பறக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளியின் சின்ன விமானம் வேலைக்கு வந்திருந்தது, நீ முதன்முதலாக ஓட்டிய அதே வகை. மறுநாள் காலையில் யாரோ ஒரு மாணவி அதில் தனியாகப் பறப்பதாக இருந்தது. முதல் தடவையாம். அவளே மாலையில் வந்து விமானத்தின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். பெரியவர் டீ குடித்துவிட்டு, டார்ச் அடித்து, கையெழுத்துப் போட்டு, காரில் ஏறினார். மூடி திறந்து கிடந்தது. உள்ளே எல்லா நட்டிலும் கோடு. ஆரஞ்சு நிறம், நேர்த்தியாக, கோலப்போட்டிக்குப் போட்ட மாதிரி.

ஸ்பானர் என் அறைச் சுவரில் தொங்கியது. யாரும் கேட்டு வரவில்லை. நானே எடுத்துக்கொண்டு போனேன். பெட்ரோல் குழாயின் நட்டில் மாட்டித் திருப்பினேன். அது திரும்பியது, அக்கா. சட்டைப் பொத்தானைத் திருகுவது போல லேசாகத் திரும்பியது. கோடு இரண்டாக உடைந்து விலகியது. திருப்பிக்கொண்டே போனேன், கடைசியில்தான் இறுக்கம் போதும் என்று ஸ்பானர் 'க்ளிக்' என்றது.

பின்னால் இவர் நின்றுகொண்டிருந்தார். கையில் அந்தக் கோடு போடும் ஆரஞ்சுக் குழல்.

"அப்புறமா இறுக்கியிருப்பேன்ல" என்றார்.

"எப்ப?"

"இதோ, இப்ப."

"எங்க அக்கா விழுந்ததுக்கு அப்புறமும் இப்படியா?"

"பழக்கம்டி" என்றார். "கை அதுவா போகுது."

பழக்கம். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் இருந்த ஏதோ ஒன்று, இத்தனை நாளாக அவருக்காக நான் இறுக்கிப் பிடித்திருந்தது, விட்டுப்போயிற்று. அம்மாவுக்காக ஓடி வந்தவரை நான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். இது அந்த மனிதர் இல்லை. அல்லது அவரும் இவரேதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பட்டறை நடுவில் நின்று கத்தினேன். நான் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. எல்லோரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் பார்த்தார்கள். "நாளைக்குக் காலைல அந்தப் பொண்ணோட அம்மா ஓடுதளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பா, தெரியுமா உங்களுக்கு?" என்றேன். யாருக்கும் புரியவில்லை. பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

மீதி நட்டுகளையும் ஒவ்வொன்றாக நானே திருப்பினேன். யாரும் தடுக்கவில்லை. திரும்பாத நட்டு ஒன்றிரண்டுதான்.

அன்றிலிருந்து இவரோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை. அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன, வீட்ல யாராவது செத்துட்டாங்களா?" என்கிறாள்.

24ஆம் தேதி வருகிறேன். உனக்காக வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ எனக்கு எழுதியதை நான் மறக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவேன். உன்னோடு பேச மாட்டேன்.


ஏப்ரல் 29

சின்னவளே,

சொன்னபடியே செய்தாய். பேசாமல் போய்விட்டாய். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வராந்தா முனைவரை வந்தேன். உன் புடவை முந்தானை மாடிப்படியில் திரும்புவது மட்டும் தெரிந்தது. கூப்பிட்டேன். உனக்குக் கேட்டிருக்கும்.

அந்த விசாரணைக் குழுத் தலைவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அக்காவைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்கன்னு நாங்க ஏன் நினைக்கக் கூடாது?" என்று கேட்டாரே, "இவளையா? இவ என்கிட்ட பேசறதே இல்லைங்க" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதுகு வலித்தது. நீ திரும்பி முறைத்தாய்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். அதனால் எழுதுகிறேன்.

பெரியவர் எழுந்து, நீ சொன்னது எல்லாம் கட்டுக்கதை, குடும்பத் தகராறு என்றார். தன் பட்டறையில் இறுக்காத நட்டில் கோடு விழுந்ததே இல்லை என்றார். பிறகு உன் வீட்டுக்காரனைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து நின்றான். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் நினைத்தேன், கோடு போட்டேன் என்பான், உட்கார்ந்துவிடுவான் என்று.

"இறுக்கலைங்க" என்றான்.

அதோடு நிறுத்தவில்லை. நான் பறந்த அன்று காலை, நீ அம்மாவோடு எக்ஸ்ரே அறைக்குப் போயிருந்தபோது அவனுக்கு அந்த நட்டு ஞாபகம் வந்ததாம். உடனே பெரியவருக்குப் போன் செய்தானாம். விமானம் அப்போதுதான் ஓடுதளத்தை விட்டுக் கிளம்பியிருக்கிறது. ரேடியோவில் சொல்லித் திருப்பிக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினானாம். "நான் கோட்டைப் பார்த்து கையெழுத்துப் போட்டாச்சு. குவாரிக்காரரு உள்ள உட்கார்ந்திருக்காரு. இறுக்கலைன்னு அவர் காதுல விழணுமா? ஒண்ணும் ஆகாது. போனை வை" என்று பெரியவர் சொன்னாராம்.

ரேடியோ என் காதிலேயே இருந்தது, சின்னவளே. நான் அப்போது இன்னும் ஓடுதளத்துக்கு மேலேதான் இருந்தேன். ஒரு வார்த்தை போதும். திரும்பி இறங்கியிருப்பேன். இத்தனை நாளாக என் கோபத்தை யார்மேல் எறிவது என்று தெரியாமல் கைக்குக் கிடைத்தவன்மேல் எறிந்துகொண்டிருந்தேன். எறிய வேண்டிய ஆள் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்.

அந்தப் போன் அழைப்பைச் சரிபார்க்கச் சொல்லிவிட்டார்கள். பெரியவர் கைக்குட்டையை எடுத்தார். குவாரிக்காரருக்கு அங்கேயே ஞாபகம் திரும்பிவிட்டது; "ஆமாங்க, வாசனை வந்துச்சு, நான்தான் சொன்னேன்" என்றார். பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். உன் வீட்டுக்காரனின் சான்றிதழையும் பிடித்துவைத்துவிட்டார்கள். கேஸ் வருமா என்று தெரியவில்லை. வந்தால் வரட்டும். அவன் செய்தது செய்ததுதான். அவனுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன். ஆனால் அவன் வாயைத் திறந்தான். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவனோடு பேசுவதா வேண்டாமா என்பது உன் பாடு.

என் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என்மேல் குற்றம் இல்லை என்று எழுதியிருக்கிறது. டாக்டரும் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார்: இந்த முதுகை வைத்துக்கொண்டு இனி விமானம் ஓட்ட முடியாது. இரண்டையும் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். காலையில் இதைப் படித்தால் அழுகை வருகிறது, மாலையில் அதைப் படித்தால் கோபம் வருகிறது. எது எதற்கு என்று நான் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

உன்னை நான் மன்னிக்கவில்லை. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம், அவசரம் இல்லை. ஆனால் அடுத்த வாரம் குடிபோக எனக்குத் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறார்கள். குளியலறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. நானே இழுத்துப் பார்த்துவிட்டேன். அம்மாவைக் கொண்டுவந்து விடு. இனி அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். அவளாலும் நடக்க முடியாது, என்னாலும் முடியாது. இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவரையொருவர் அதட்டிக்கொள்வோம். நீ போய் உன் புத்தகங்களைப் படி.

அம்மாவைத் தூக்க ஒரு ஆள் வேண்டும். அவனையே கூட்டி வா. நான் அவனோடு பேச மாட்டேன். இந்தச் சக்கர நாற்காலியின் வலது சக்கரத்தில் ஒரு நட்டு ஆடுகிறது. ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். ஸ்பானர் கொண்டுவரச் சொல். நான் இதில் உட்கார்ந்திருக்கும்போதே, என் கண்ணெதிரே, அவன் இறுக்கட்டும்.

அந்த ஆரஞ்சுக் குழலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்.

அக்கா